சதுப்பு நிலமும் அனுமதிச் சீட்டும்

கலிபோர்னியாவின் சான்பிரான்சிஸ்கோ குடாவைச் சூழ்ந்திருந்த கடலோரச் சதுப்பு நிலங்களில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு மறைந்துபோயிற்று. வயலாக்கவும், உப்பு எடுக்கவும், நகரம் கட்டவும் கரை போட்டு மண் கொட்டினார்கள். இதைக் கண்டு பொறாத மூன்று பெண்மணிகள் 1961-இல் கிளர்ச்சி தொடங்கினர். அதன் பயனாக 1965-இல் குடாவைக் காக்க ஓர் ஆணையம் அமைந்தது. அதன் உத்தரவின்றிக் குடாவில் மண் கொட்டலாகாது. நல்ல சட்டந்தான்.

ஆனால், அழிந்ததை மீட்கும் காலம் வந்தபோது அச்சட்டமே குறுக்கே நின்றது. 2003-இல் 15,000 ஏக்கருக்கும் மேற்பட்ட உப்புப் பாத்திகள் மீட்புக்கென வாங்கப்பட்டன. பாத்தியின் கரையை உடைத்துவிட்டால் கடல் ஏற்றம் வண்டலைக் கொணர்ந்து சேர்க்கும்; வண்டல் உயர்ந்ததும் உவர்நிலச் செடிகள் முளைக்கும். மிகவும் தாழ்ந்துபோன பாத்திகளிலோ மண்ணிட்டு உயர்த்தினால்தான் செடி விரைவில் வேர் பிடிக்கும். அப்படி இடும் மண்ணும், கட்டடத்துக்காகக் கொட்டும் மண்ணும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றே!

அதோடு நீரின் தரம், மீன், வனவிலங்கு என்று இலாகாவுக்கொரு சீட்டு வேண்டும். ஓர் இலாகாவுக்காகத் திருத்திய வரைபடம் அடுத்த இலாகாவுக்கு ஒவ்வாமற்போகும். கூரை ஒழுக்கை அடைக்கவே மூன்று இடங்களுக்குக் கடிதம் எழுதும் எங்களைப் போன்ற தலைமையாசிரியர்களுக்கு இது புதிதன்று.

இங்கே தாமதம் வெறும் தொல்லையன்று. கடல் மட்டம் உயர்ந்து வருகிறது. 2030-க்குள் வேரூன்றிய சதுப்பே அவ்வுயர்வுக்கு ஈடுகொடுத்து வளர வாய்ப்பு மிகுதி என்று 2015-இலேயே அறிஞர்கள் எடுத்துரைத்தனர்.

பணத்துக்கு 2016-இல் வழி பிறந்தது. குடாவைச் சூழ்ந்த ஒன்பது மாவட்ட மக்கள், மனை ஒன்றுக்கு ஆண்டுக்கு 12 டாலர் வீதம் 20 ஆண்டுகள் வரி செலுத்த வாக்களித்தனர். 2019-இல் ஆறு அரசாங்க அலுவலகங்களின் அதிகாரிகள் ஒரே குழுவாக அமர்ந்தனர். மனுச் செய்வதற்கு முன்பே திட்டத்தைச் சேர்ந்து பார்த்துக் குறைகளைச் சொல்லிவிடுகின்றனர். எந்த அலுவலகமும் தன் அதிகாரத்தை இழக்கவில்லை. அதே ஆண்டில் ஆணையமும் உயிரின வாழிட மீட்புக்குக் கூடுதலாக மண் இட இடங்கொடுத்துத் தன் விதியைத் திருத்திற்று.

2021-இல் மாநிலம் இன்னும் ஒருபடி சென்றது. தகுதியுள்ள மீட்புத் திட்டங்களுக்கு, மாநிலச் சட்டம் கேட்கும் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்தே விலக்கு அளித்தது. கூடியமர்ந்து விரைவாக ஆராய்வதே எனக்கு உகந்தது. விலக்கு என்றவுடன் மனம் சற்றுத் தயங்குகிறது. எனினும் அச்சட்டத்தின்படி மீன், வனவிலங்கு இலாகாவின் இயக்குநர் இசைந்தாலன்றி விலக்கு இல்லை. மீட்புக்கே உரிய வேலை தவிர வேறு கட்டுமானத்துக்கும் அதில் இடமில்லை.