கணிப்பொறியில் படம் திருத்தும் கலை

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது நம் பழமொழி. கணிப்பொறியில் புகைப்படம் திருத்தும் கலைக்கும் இது முற்றிலும் பொருந்தும்.

முன்னாளில் புகைப்படத்தைச் செப்பனிடுவோர் நெகட்டிவின் மேல் கூரிய பென்சிலால் தீட்டினர். இன்று அவ்வேலையை மென்பொருள்கள் செய்கின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் ஸ்டூடியோவிலும், திருமண பேனர் அச்சிடும் கடையிலும் அவற்றைக் காணலாம். இவற்றைக் கற்றுவரும் நாங்கள், அறிந்தவற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவரான தாமஸ் நால், கணிப்பொறித் திரையில் படங்களைக் காட்ட ஒரு நிரல் எழுதினார். அவருடைய சகோதரர் ஜான் நாலும் துணைநின்றார். அதுவே வளர்ந்து 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் "போட்டோஷாப்" ஆக வெளிவந்தது. அதைத் திறக்கும்போது தோன்றும் பெயர்ப்பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்னும் தமிழரின் பெயரும் பல்லாண்டுகள் இடம்பெற்றது நமக்குப் பெருமையன்றோ! போட்டோஷாப்புக்குக் கட்டணம் உண்டு. 1995இல் பெர்க்லி மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் தொடங்கிய "கிம்ப்" இலவசமானது. இத்தகைய கட்டற்ற மென்பொருள்களை நம் மாவட்ட மாணவர்களுக்குக் கற்பிக்க, விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு என்ற அமைப்பும் உள்ளது.

கணிப்பொறிக்குப் படம் என்பது வரிசையாக அடுக்கிய புள்ளிகளே. இவற்றைப் பிக்சல் என்பர். கோலத்திற்கு இடும் புள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களின் அளவு, பொதுவாக 0 முதல் 255 வரையிலான எண்களால் குறிக்கப்படுகிறது. படத்தைத் திருத்துவது என்றால் இந்த எண்களை மாற்றுவதே.

நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் வேண்டும். அப்படியானால் 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் படத்திற்கு 1800 பெருக்கல் 1200, அதாவது 21,60,000 புள்ளிகள் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் புள்ளிகள் குறைந்துவிடுகின்றன. பேனரில் மணமக்களின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். டாக்குமெண்ட் ஆக அனுப்பினால் அக்குறை நேராது.

அடுத்து அறிய வேண்டியது "லேயர்" என்னும் அடுக்கு. பூகோளப் பாடத்தில் வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து ஆறுகளை வரைகிறோம்; அடியிலுள்ள வரைபடம் கெடுவதில்லை. அதுபோலவே எழுத்து ஓர் அடுக்கிலும், அலங்காரம் மற்றோர் அடுக்கிலும் இருந்தால், பிழையானதை மட்டும் நீக்கலாம். போட்டோஷாப்பில் இவ்வசதி 1994இல் வந்தது.

கருவிகளைக் கற்பதைவிட முக்கியமானது மூலப்படத்தைக் காப்பது. நம்மில் பலர் வீட்டில் பாட்டியின் இளமைக்காலப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை ஸ்கேன் செய்தவுடன் முதலில் ஒரு நகல் எடுக்க வேண்டும். நகலில் மட்டுமே கைவைக்க வேண்டும். திருத்திய படத்தை மூலப்படத்தின் பெயரிலேயே சேமித்தால் பழைய எண்கள் அழிந்துபோகும். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போதும் தெளிவு சிறிது சிறிதாகக் குறையும். ஆகவே வேலை முடியும்வரை மென்பொருளின் சொந்தக் கோப்பு வகையிலேயே வைத்திருப்பது நலம். "1978-பாட்டி-திண்டிவனம்" என ஆண்டை முன்னிட்டுப் பெயரிட்டால் தேடுவதும் எளிது.

ஒரு பிரதி மட்டும் போதாது. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்துக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அலமாரியிலுள்ள ஆல்பமும் மேசைமேலுள்ள கணிப்பொறியும் ஒருசேர நனைந்தால் என் செய்வது? மூன்று பிரதிகள் வேண்டும்; அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். திண்டிவனத்தில் வசிப்போர் விழுப்புரத்துச் சித்தி வீட்டில் ஒரு பென்டிரைவைக் கொடுத்து வைக்கலாம்.

இறுதியாக ஒன்று. படத்தின் கீறலை நீக்குவது தூசி துடைப்பது போன்றது. ஆனால் சில இடங்களில் நாம் கேளாமலேயே கறுத்த முகத்தை வெளுப்பாக்கித் தருகின்றனர். நாம் பாட்டிகளாகும் காலத்தில் நம் பேத்திகள் அப்படத்தைக் கண்டால், நம்முடைய உண்மை நிறத்தை எப்படி அறிவார்கள்? தம் நிறமும் நம்மிடமிருந்து வந்ததே என்று மகிழும் வாய்ப்பை அவர்கள் இழந்துவிடுவார்களே! ஆகையால் ஸ்டூடியோவில், "எங்கள் நிறத்தை மாற்ற வேண்டாம், அண்ணா" என்று தயங்காமல் சொல்வோம். நாம் திருத்தும் படங்களிலும் பிறர் முகத்தை அவ்வாறே மதிப்போம்.