வாகனத் தேர்வில் முகவர் நிலையச் சேவை: விற்பனைக்கூடமும் பணிமனையும்

ஆய்வுச்சுருக்கம்

வாகனம் வாங்குவோரின் தேர்வில் முகவர் நிலையத்தின் சேவை எந்தக் கட்டத்தில், எவ்வாறு செல்வாக்குச் செலுத்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. முகவர் நிலையச் சேவை என ஒரே பெயரால் வழங்கப்படுவது இரு வேறு சேவைகளைக் குறிக்கிறது. விற்பனைக்கூடத்தின் உபசரிப்பு, வாங்கும் வாகனத்தின் வகையையும் அதற்குச் செலுத்தும் மொத்தத் தொகையையும் மாற்றுகிறது. எந்த நிறுவனத்தின் வாகனம் என்ற முடிவில் பணிமனையின் பங்கே பெரிது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இந்திய வாகனச் சந்தையின் சில நிகழ்வுகள், குறிப்பாக 2021 முதல் 2024 வரை மின்சார ஸ்கூட்டர் சந்தையில் நிகழ்ந்தவை, இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முகவர் நிலையம், விற்பனைக்கூடம், பணிமனை, நுகர்வோர் நடத்தை, சேவைத் தரம், மின்சார ஸ்கூட்டர்.

முன்னுரை

வீடும் நிலமும் தவிர, நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் வாங்கும் பொருள்களுள் விலை மிக்கது பெரும்பாலும் வாகனமே. அதன் தேர்வை விளக்க முற்படும் ஆய்வுகள் விலை, எரிபொருள் சிக்கனம், கடன் வசதி, நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை முதலில் எண்ணுகின்றன. சேவை என்பதைப் பட்டியலின் இறுதியில் ஒரு வினாவாகச் சேர்த்துக்கொள்கின்றன. அந்த ஒரு வினாவும், வரவேற்ற பாங்கு, காத்திருப்பு அறையின் தூய்மை, விற்பனையாளரின் பணிவு, பழுதுநீக்கத்தின் தரம், உதிரிப்பாகம் கிடைக்கும் கால அளவு என ஒன்றோடொன்று தொடர்பற்ற பலவற்றைக் கலந்து கேட்கிறது. இக்கலப்பினால் கிடைக்கும் விடை தெளிவற்றதாக அமைவதில் வியப்பில்லை. ஆகவே அச்சேவைகளைப் பிரித்துக் காண்பது இன்றியமையாததாகிறது.

தேர்வு இல்லாத காலம்

சேவை தேர்வைப் பாதிக்க வேண்டுமாயின் முதலில் தேர்வு இருக்க வேண்டும். உரிமமுறை நிலவிய காலத்தில் இந்தியாவில் ஸ்கூட்டர் வாங்க விரும்பியவர் முன்பணம் செலுத்திப் பதிவு செய்துகொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். முறை வந்து கிடைத்த புதிய வண்டியை உடனே விற்றால் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. அந்நிலையில் முகவர், விற்பவராக இருக்கவில்லை. பங்கிட்டு வழங்குபவராகவே இருந்தார். அவருடைய கடுமொழியும் இன்மொழியும் விற்பனையில் எவ்வித மாற்றத்தையும் விளைவிக்கவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்ததும், 1990களில் பல நிறுவனங்கள் சந்தைக்குள் நுழைந்ததும் இந்நிலையை மாற்றின. ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு மூன்று வாகனங்கள் நிற்கும்போதுதான் முகவர் நிலையம் தேர்வின் ஒரு காரணியாகிறது.

காணத்தக்கதும் நம்பத்தக்கதும்

பொருளியலார் பிலிப் நெல்சன் 1970இல் பொருள்களின் பண்புகளை இரண்டாகப் பகுத்தார்: வாங்குமுன் தேடி அறியத்தக்கவை, வாங்கிய பின் பயன்படுத்தியே அறியத்தக்கவை. 1973இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவது ஒன்றைச் சேர்த்தனர். பயன்படுத்திய பின்னரும் வாங்கியவரால் சரிபார்க்க இயலாத பண்பு அது; நம்பிக்கையின் பேரில் மட்டுமே அதை ஏற்க வேண்டும். பழுதுநீக்கம் இவ்வகைக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு. பிரேக் பட்டைகள் உண்மையிலேயே தேய்ந்திருந்தனவா, பழையவற்றைத் துடைத்து மீண்டும் பொருத்தினார்களா என்பதை உரிமையாளர்களுள் பெரும்பாலோர் அறிய வழியில்லை.

வாகனத்தில் இம்மூன்றும் கலந்துள்ளன. நிறம், இருக்கை, விலை ஆகியவை பார்த்தறிபவை. மைலேஜ் ஓட்டியறிவது. பணிமனையின் நேர்மையோ நம்பியேற்பது. வாங்க வருபவர் மூன்றாவதைப் பற்றி ஏதேனும் ஓர் அடையாளம் தேடுகிறார். அவர் கண்முன் இருப்பது விற்பனைக்கூடம் மட்டுமே. எனவே இங்கு நன்றாக நடத்துபவர்கள் பணிமனையிலும் நன்றாகவே நடத்துவார்கள் என்று கருதிக்கொள்கிறார். இவ்வூகம் இயல்பானதே எனினும் பெரும்பாலும் பிழையானது. விற்பனைக்கூடப் பணியாளரின் ஊக்கத்தொகை அம்மாத விற்பனை எண்ணிக்கையைச் சார்ந்தது. பணிமனை ஆலோசகரின் இலக்கு பழுதுச்சீட்டின் தொகையையும் ஒரு நாளில் முடிக்கும் வண்டிகளின் எண்ணிக்கையையும் சார்ந்திருப்பது வழக்கம். இருவரும் ஒரே சீருடை அணிந்திருக்கலாம். ஆனால் அவர்கள் வெவ்வேறு கணக்குகளுக்கு விடைசொல்பவர்கள்.

விற்பனைக்கூடம் மாற்றுவது எதனை?

விற்பனைக்கூடத்திற்குள் நுழைபவர் பெரும்பாலும் இரண்டு மூன்று வாகனங்களாகத் தம் விருப்பத்தைச் சுருக்கிக்கொண்டே வருகிறார். அங்குக் கிடைக்கும் உபசரிப்பு அச்சுருங்கிய பட்டியலுக்குள்தான் வேலை செய்கிறது. கேட்ட அன்றே சோதனை ஓட்டத்திற்கு வண்டி தருதல், பழைய வண்டிக்கு நியாயமான மாற்றுவிலை கூறுதல், ஆன்ரோடு விலையை வரிவரியாக எழுதித் தருதல் ஆகியன சமநிலையில் நிற்கும் இரண்டனுள் ஒன்றின் பக்கம் தட்டைச் சாய்க்கின்றன. அதைவிட அடிக்கடி நிகழ்வது வேறு. அடிப்படை வகையை எண்ணி வந்தவர் உயர்வகையைப் பதிவு செய்கிறார். விரும்பிய நிறத்திற்கு இரண்டு மாதம் ஆகும் என்றதும் இருப்பில் உள்ள நிறத்திற்கு உடன்படுகிறார். துணைக்கருவிகள், நீட்டித்த உத்தரவாதம், காப்பீடு ஆகியவை பட்டியலில் ஏறுகின்றன. முகவர் வழியாகவே காப்பீடு எடுக்குமாறு வாங்குபவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதற்காகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் நெறிமுறைகளை வெளியிட நேர்ந்ததே இவ்வழக்கத்தின் பரவலைக் காட்டும்.

எல்லா வாடிக்கையாளரும் ஒரே சேவையைப் பெறுவதும் இல்லை. இயன் அயர்ஸ் சிகாகோ வட்டார முகவர் நிலையங்களில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னோடி. ஒரே விதமாகப் பேரம் பேசப் பயிற்சி பெற்றவர்கள் அனுப்பப்பட்டனர். வெள்ளையின ஆண்களுக்குக் கூறப்பட்ட விலை குறைவாகவும், பெண்களுக்கும் கறுப்பினத்தவர்க்கும் கூறப்பட்டது கூடுதலாகவும் இருந்தன. தமிழகச் சூழலில் இதற்கிணையான வினா இன்னும் முறையாக எழுப்பப்பட வேண்டியுள்ளது. தம் ஊதியத்தில், தம் பெயரில் ஸ்கூட்டர் வாங்க வரும் பெண்ணை அமர வைத்துவிட்டு, உடன்வந்த ஆணிடம் விலையும் தவணையும் பேசும் விற்பனையாளரைக் காண்பது அரிதன்று. அப்பெண் அடுத்த கடைக்குச் சென்றுவிட்டால், அந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை.

விலைத் தள்ளுபடியில் முகவரின் கை எவ்வளவு கட்டப்பட்டுள்ளது என்பதும் இங்குக் கருதத்தக்கது. மாருதி சுசுகி நிறுவனம் தன் முகவர்கள் அனுமதியின்றிக் கூடுதல் தள்ளுபடி தருவதைத் தடுத்ததாகவும், வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் அனுப்பி அதைக் கண்காணித்ததாகவும் கண்டறிந்து, இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. வழக்கின் போக்கு எவ்வாறாயினும், வாங்குபவர் முகவரின் தாராளம் அல்லது கஞ்சத்தனம் என்று கருதுவது சிலவேளை உற்பத்தியாளரின் முடிவாக இருக்கக்கூடும் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

பணிமனையின் தொலைவு

சரக்கு வாகனம் வாங்குவோரிடம் பணிமனையின் செல்வாக்கு மறைப்பின்றிப் புலப்படும். 2005இல் அறிமுகமாகித் தமிழகத்தில் 'குட்டி யானை' என்று பெயர்பெற்ற டாடா ஏஸ் போன்ற வண்டியை வாங்குபவர்க்கு அது பிழைப்பு. வண்டி பணிமனையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருவாய் இல்லை. தவணை மட்டும் நிற்பதில்லை. ஆகவே அவர் விற்பனைக்கூடத்தின் குளிர்சாதன வசதியைப் பொருட்படுத்துவதில்லை. சந்தையில் நிற்கும் பிற ஓட்டுநர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்: உதிரிப்பாகம் உள்ளூரில் கிடைக்கிறதா, வண்டியை எத்தனை நாளில் திருப்பித் தருகிறார்கள். கார் வாங்கும் குடும்பமும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறது. தெருமுனை மெக்கானிக்கிடமோ, அதே வண்டியை வைத்திருக்கும் உறவினரிடமோ சற்றுச் சுற்றி வளைத்துக் கேட்கிறது. மாருதி சுசுகிக்கு நாடெங்கும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பணிமனை மையங்கள் இருப்பது, விளம்பரத்தால் ஈடுசெய்ய இயலாத வலிமை.

பணிமனை இல்லாமற்போகும் என்ற அச்சமும் தேர்வைப் பாதிக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்தியாவில் செவர்லே விற்பனையை நிறுத்தியது. சென்னையை அடுத்த மறைமலைநகரிலும் குஜராத்தின் சனந்திலும் ஆலைகள் கொண்டிருந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபோர்டு முகவர்கள் 170 பேர், 391 விற்பனை நிலையங்களில் ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் முதலிட்டிருந்தனர் என்று வாகன முகவர் சங்கங்களின் கூட்டமைப்பு அப்போது கூறியது. பழுதுநீக்கமும் உதிரிப்பாகமும் தொடரும் என்று நிறுவனம் உறுதியளித்தபோதிலும், வெளியேறும் நிறுவனத்தின் முகவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்ற ஐயம் உரிமையாளர்களைப் பற்றிக்கொண்டது. சந்தைக்குப் புதிதாக வரும் எந்த அயல்நாட்டு நிறுவனமும் இன்று "இவர்கள் நிலைப்பார்களா?" என்ற கேள்வியைச் சந்திப்பதற்கு இந்நிகழ்வுகளின் நினைவும் ஒரு காரணம்.

முகவரின்றி விற்ற ஸ்கூட்டர்

விற்பனைக்கூட உபசரிப்பை ஏறத்தாழ முற்றிலும் நீக்கிவிட்டால் தேர்வு என்னவாகும்? இச்சோதனையைச் சந்தையே நடத்திக் காட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை அமைத்த ஓலா எலெக்ட்ரிக், 2021 ஜூலையில் 499 ரூபாய்க்கு இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பதிவுகள் வந்ததாக அறிவித்தது. முகவர் இல்லை, விற்பனையாளர் இல்லை, சோதனை ஓட்டமும் அப்போது இல்லை. விற்பனைக்கூட உபசரிப்பு முதல் வாங்குதலுக்கு இன்றியமையாதது என்ற கருத்தை இந்நிகழ்வு தளர்த்துகிறது. பின்னர் நிறுவனம் தனக்கே உரிய விற்பனை நிலையங்களைத் திறந்தது. முகவர் என்ற இடையாள் மட்டும் வரவில்லை. 2024 ஏப்ரலில் மின்சார இருசக்கர வாகனப் பதிவில் ஏறத்தாழப் பாதி அதனுடையதாக இருந்தது.

சேவை நிலையங்கள் விற்பனையின் வேகத்திற்கு ஈடுகொடுக்கவில்லை. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவிமையத்திற்கு 10,644 புகார்கள் வந்திருந்த நிலையில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் அந்நிறுவனத்திற்கு விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. அப்புகார்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை பணிமனைத் தாமதம் பற்றியவை. 99.1 விழுக்காடு புகார்கள் தீர்க்கப்பட்டுவிட்டதாக நிறுவனம் தெரிவித்தது. ஆனால் பணிமனை வாயில்களில் வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களின் படங்கள் அதற்குள் கைப்பேசிகளில் பரவியிருந்தன. 2024 டிசம்பர் மாதப் பதிவில் பஜாஜ் முதலிடத்தையும் டிவிஎஸ் இரண்டாமிடத்தையும் பெற, ஓலா மூன்றாமிடத்துக்கு இறங்கியது.

முன்னேறிய இரு நிறுவனங்களும் பெட்ரோல் வண்டி விற்ற பழைய முகவர்களின் வழியாகவே மின்சார வண்டியையும் விற்றவை. எனினும் இவ்வீழ்ச்சி முழுவதையும் பணிமனையின் கணக்கில் எழுதுவது பொருந்தாது. அவ்வாண்டில் போட்டியாளர்கள் விலை குறைந்த வகைகளை அறிமுகப்படுத்தினர். அரசு மானியத் திட்டமும் மாறியது. ஆயினும் ஒன்றைத் துணிந்து கூறலாம். ஸ்கூட்டரை வாங்கியவர் அதிருப்தியுற்றாலும் உடனே வேறு வண்டிக்கு மாற முடியாது; கடன் முடியும்வரை அவ்வண்டியோடுதான் இருந்தாக வேண்டும். அவருடைய அதிருப்தி அவருடைய அடுத்த தேர்வில் வெளிப்படுமுன்பே, அண்டை வீட்டாரின் முதல் தேர்வில் வெளிப்பட்டுவிடுகிறது. 2024 டிசம்பர் 25 அன்று நிறுவனம் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான நிலையங்களைத் திறந்து மொத்தத்தை 4,000 ஆக்கியதாக அறிவித்தபோது, புதிய நிலையங்களில் சேவைப் பிரிவும் உடனிருக்கும் என்பதையே முன்னிறுத்தியது.

அளவிடும் முறையின் குறை

சேவைத் தரத்தை அளக்க இன்று மிகுதியும் கையாளப்படும் கருவி, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஏ. பரசுராமன், வலேரி சைத்தாமல், லியோனார்ட் பெர்ரி ஆகியோர் 1988இல் வெளியிட்ட 'செர்வ்குவால்'. புலப்படு கூறுகள், நம்பகம், உடனடித் துலங்கல், உறுதியளித்தல், பரிவு என்னும் ஐந்து பரிமாணங்களில் 22 கூற்றுகளைக் கொண்டு, எதிர்பார்ப்புக்கும் பெற்றதற்கும் இடையிலான இடைவெளியை அது அளக்கிறது. கருவியில் குறையில்லை, அதை யாரிடம் நீட்டுகிறோம் என்பதில்தான் சிக்கல். வாகனத் துறை பற்றிய ஆய்வேடுகள் பலவும் முகவர் நிலையத்தில், வண்டி வாங்கியவர்களிடம் வினாநிரலைத் தருகின்றன. மனம் கோணி வெளியேறியவர் அக்கூறெடுப்பில் இல்லை. எஞ்சியவர்களின் மதிப்பெண் உயர்ந்திருப்பதும் அதைத் தேர்வின் காரணமாகக் காட்டுவதும், விடையைக் கையில் வைத்துக்கொண்டு வினா எழுப்புவதை ஒக்கும். நிறுவனங்கள் தாமே நடத்தும் தொலைபேசி மதிப்பீட்டின் நிலை இன்னும் மோசமானது. "அழைப்பு வரும், பத்துக்குப் பத்து சொல்லிவிடுங்கள் சார்" என்று சாவியைக் கொடுக்கும்போதே பணியாளர் கெஞ்சுவது வாடிக்கையாளர்க்குப் பழகிப்போன காட்சி. குறைந்த மதிப்பெண்ணால் பிடித்தம் நேர்வது அவருடைய ஊதியத்தில் என்பதால், இரக்கமே மதிப்பெண்ணாக மாறிவிடுகிறது.

இரண்டாம் வாகனம் வாங்குவோரைத் தனிக் குழுவாகக் கொண்டு, முதல் வாகனத்தின் நிறுவனத்திலேயே அவர்கள் தொடர்ந்தார்களா என்று காண்பது இதனினும் உறுதியான வழி. இன்னொரு வழியும் உண்டு. 'வாகன்' தரவுத்தளம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வாரியாகவும், நிறுவனம் வாரியாகவும், மாதம் வாரியாகவும் பதிவு எண்ணிக்கையைப் பொதுவெளியில் தருகிறது. ஒரு நகரில் குறிப்பிட்ட நிறுவனத்தின் பணிமனை மூடப்பட்ட அல்லது புதிதாகத் திறக்கப்பட்ட மாதத்தை அறிந்து, அதற்கு முன்னும் பின்னும் பன்னிரண்டு மாதங்களில் அந்நகரின் பதிவுகளில் அந்நிறுவனத்தின் பங்கையும், பணிமனை மாற்றம் நிகழாத அண்டை நகரில் அதே நிறுவனத்தின் பங்கையும் ஒப்பிடலாம். விலையும் விளம்பரமும் மானியமும் இரு நகர்களுக்கும் பொதுவானவை. எஞ்சும் வேறுபாட்டில் பணிமனையின் பங்கைத் தேடலாம்.