கோயிலுக்கென்று சொன்ன நிலமும் உயர் நீதிமன்றமும்



"என் காலத்துக்குப் பிறகு அந்த ரெண்டு ஏக்கர் கோயிலுக்குத்தான்" என்று வாய் நிறையச் சொல்லும் பெரியவர்கள் நம் பெக்கோக் வட்டாரத்தில் உண்டு. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை தூக்கியும் சேர்த்த பணத்தில் வாங்கிய நிலம் அது. சொன்னவரின் மனம் பொன்னானது. ஆயினும், எழுத்தில் இல்லாத அந்தச் சொல்லைக் கொண்டு அவர் மறைவுக்குப் பின் நில அலுவலகத்தில் கிராண்டில் பெயர் மாற்ற இயலாது.

உயில் விவகாரங்களுக்கென்று தனி நீதிமன்றம் உண்டா எனச் சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவின் சில மாநிலங்களில் உண்டு. நியூயார்க்கில் அதற்கு சரோகேட் நீதிமன்றம் என்று பெயர். இங்கிலாந்தில் தேவாலய நீதிமன்றங்கள் கவனித்து வந்த இவ்வேலையை 1857ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தனி நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. 1875இல் அதுவும் உயர் நீதிமன்றத்தோடு இணைந்தது. மலேசியாவில் தனி நீதிமன்றம் இல்லை. உயிலை உறுதிப்படுத்தும் புரோபேட் பத்திரத்தை வழங்கும் அதிகாரம் 1964ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டப்படி உயர் நீதிமன்றத்துக்கே உரியது. சிகாமட்டில் உள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றமோ செஷன்ஸ் நீதிமன்றமோ அதை வழங்க முடியாது. ஜொகூரில் உயர் நீதிமன்றம் ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் அமர்கிறது. "மாநில நீதிமன்றம்" என்று நாம் பேச்சுவழக்கில் சொன்னாலும் இவை கூட்டரசின் நீதிமன்றங்களே. ஜொகூரில் மாநிலத்தின் பொறுப்பில் இருப்பது ஷரியா நீதிமன்றம்.

உயில் எழுதாமல் ஒருவர் காலமானால் என்ன ஆகும்? நிலமும் வீடும் அடங்கிய சொத்தின் மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளியைத் தாண்டாவிட்டால் (2024க்கு முன் இவ்வரம்பு 20 லட்சமாக இருந்தது) நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டு சிறு சொத்துச் சட்டப்படி பூசாக்கா பிரிவில் மனுச் செய்யலாம். அதிகாரி வாரிசுகளை அழைத்து விசாரித்துப் பங்கு பிரிப்பார். செலவு குறைவு, நம் மக்களுக்கு ஏற்ற வழி என்றே சொல்வேன். ஆனால் எந்த வழியில் போனாலும் பங்கு பிரிப்பது 1958ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டம்தான். மனைவியும் பிள்ளைகளும் இருந்து பெற்றோர் இல்லையேல் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரு பங்கு. பெற்றோரும் இருந்தால் அவர்களுக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. இந்தக் கணக்கில் கோயிலுக்கு இடமே இல்லை. வாரிசுகள் தம் பங்கைப் பெற்றபின் மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. ஒரு மருமகன் மறுத்தாலும் வீட்டில் பிணக்குதான்.

ஆகவே உயில் வேண்டும். 18 வயது நிறைந்தவர் எழுத்தில் எழுதி, இரு சாட்சிகள் ஒருசேர முன்னிலையில் இருக்கக் கையொப்பமிட்டு, அவர்களும் அவர் முன்னிலையில் கையொப்பமிட்டால் போதும். சொத்துப் பெறப்போகும் மகனையோ அவன் மனைவியையோ சாட்சியாக நிறுத்தக்கூடாது. உயில் செல்லும், ஆனால் மகனுக்கு எழுதியது போய்விடும். உயில் எழுதியபின் திருமணம் செய்தால், அத்திருமணத்தைக் கருதியே எழுதப்பட்டதாக இல்லாத பட்சத்தில், பழைய உயில் ரத்தாகும்.

அறக்கொடை எழுதுவோர் முக்கியமாக அறிய வேண்டியது இன்னொன்று உண்டு. பினாங்கைச் சேர்ந்த ஒரு சீன அம்மையார் தமக்கும் தம் கணவருக்கும் காலாகாலத்துக்கும் சடங்கு செய்வதற்கென்று ஒரு வீட்டை உயிலில் ஒதுக்கினார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அது பொதுமக்களுக்குப் பயன்படும் தர்மம் அன்று, ஒரு குடும்பத்தின் நன்மைக்கு மட்டுமே. எனவே நிரந்தரமாகச் சொத்தைக் கட்டிவைக்க முடியாது என்று 1875இல் தீர்ப்பாயிற்று. இந்து சமயத்தவருக்கும் இதே போன்ற அனுபவம் உண்டு. கணவரின் சமாதியில் நித்திய பூசையும் குருபூசையும் நடத்த ஒரு விதவை எழுதிவைத்த சொத்து செல்லாது என இந்திய உச்ச நீதிமன்றம் 1953இல் கூறியது. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. எனினும், "என் சமாதியில் விளக்கேற்ற" என்று எழுதுவதற்கும் "ஆலயத்தின் நித்திய பூசைக்கும் அன்னதானத்துக்கும்" என்று எழுதுவதற்கும் சட்டத்தின் கண்ணில் உள்ள தூரம் அவ்வளவு பெரிது.

"நம்ம மாரியம்மன் கோயிலுக்கு" என்றும் எழுதிவிடாதீர்கள்; அப்பெயரில் எத்தனையோ கோயில்கள் உண்டு. சங்கப் பதிவிலாகாவில் ஆலயம் எந்தப் பெயரில் பதிவாகியுள்ளதோ அதே பெயரையும், ஆலயத்துக்குத் தரும் நிலத்தின் கிராண்டு எண்ணையும் லாட் எண்ணையும் எழுதுங்கள். உயிலை நிறைவேற்றுபவராக உங்களைவிட இளையவர் ஒருவரை நியமியுங்கள், முடிந்தால் இருவரை. உயர் நீதிமன்றம் மூலப் பிரதியையே கேட்கும். அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை அவரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.