லினக்ஸ் கம்ப்யூட்டரில் பாட்டு ஓடலையா? ஃபைலை அழிக்கும் முன் இதைப் பாருங்க

தேசிய விருது பெற்ற பாடகி நஞ்சியம்மாவின் ஊரான அட்டப்பாடியில், அகளி போன்ற பகுதிகளில், பெரியவர்கள் பாடும் இருளப் பாட்டுகளைப் பிள்ளைகள் செல்போனில் பதிவு செய்வது சாதாரணம். பழைய பட்டன் போனில் எடுத்த அந்தப் பதிவைப் பள்ளி லேப்டாப்பில் போட்டால், சில சமயம் சத்தமே வராது. "கெட்டுப்போச்சு" என்று அழித்துவிட்டால், பாடியவர் இல்லாத நிலையில் அது திரும்பக் கிடைக்காது. ஆனால் பெரும்பாலும் ஃபைல் கெட்டிருப்பதில்லை.

கேரள அரசுப் பள்ளிகளில் விண்டோஸ் அல்ல, கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்து உருவாக்கிய லினக்ஸ்தான் பயன்பாட்டில் உள்ளது. இதில் சிக்கலைக் கண்டுபிடிப்பது எப்படி?

நேரம் ஓடுது, சத்தம் மட்டும் வரலையா?

அப்படியென்றால் பெரும்பாலும் ஃபைல் நன்றாகவே இருக்கும். சவுண்ட் செட்டிங்ஸில் 'அவுட்புட்' எது என்று பாருங்கள். புரொஜெக்டரை ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருந்தால் சத்தம் அங்கே போயிருக்கலாம். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, மியூட் நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாட்டு திறக்கவே மாட்டேங்குதா?

இது பெரும்பாலும் கோடெக் பிரச்னை. சுருக்கி வைக்கப்பட்ட ஒலியை விரித்துக் கொடுக்கும் மென்பொருள்தான் கோடெக். பழைய பட்டன் போன் பதிவுகள் பல ஏஎம்ஆர் வடிவிலும், வாட்ஸ்அப் குரல் பதிவுகள் ஓபஸ் வடிவிலும் இருக்கும். காப்புரிமைச் சிக்கலால் சில கோடெக்குகளை லினக்ஸ் வெளியீடுகள் தம்முடன் சேர்த்துத் தருவதில்லை. எம்பி3-யும் ஒருகாலத்தில் இந்தப் பட்டியலில்தான் இருந்தது. அதன் உரிமத் திட்டம் 2017-ல் முடிவுக்கு வந்தது.

தீர்வு எளிது. இணைய வசதி உள்ள இடத்தில் 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' தொகுப்பை நிறுவுங்கள். அல்லது விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள். பெயரின் கடைசியில் 'எம்பி3' என்று மாற்றி எழுதுவதால் பயனில்லை. பெயர் மாறுமே தவிர, உள்ளே இருக்கும் வடிவம் மாறாது.

பாதியிலேயே நின்னுடுதா?

பென் டிரைவைச் சந்தேகப்படுங்கள். லினக்ஸில் காப்பி முடிந்ததாகத் திரை காட்டினாலும், தகவலின் ஒரு பகுதி இன்னும் மெமரியிலேயே காத்திருக்கலாம். 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினால் அந்தப் பகுதி பென் டிரைவுக்குப் போய்ச் சேராது. போனில் உள்ள ஃபைலின் அளவையும் லேப்டாப்பில் உள்ளதன் அளவையும் ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் மறுபடி காப்பி செய்தால் போதும்.

அதனால்தான், லேப்டாப்பில் ஒருமுறை முழுசாகக் கேட்டுப் பார்க்கும் வரை போனில் உள்ள பதிவை அழிக்கக் கூடாது. முதலில் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள், பழுது பார்ப்பதெல்லாம் அப்புறம்.