விலை உயர்ந்த ஹெட்போனுக்கு எந்த ஆம்ப்ளிஃபையர்? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

லட்சக்கணக்கில் விலையுள்ள சில ஹெட்போன்களைக் கைப்பேசியில் இணைத்தால் ஒலி மெலிந்தே கேட்கிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் ஹெட்போனின் குறைபாடு அல்ல. அதை இயக்கத் தேவையான மின்திறன் கிடைக்காததே. அதேவேளையில், தேவையை அறியாமல் வாங்கும் ஆம்ப்ளிஃபையரும் வீண் செலவாகிவிடும்.

எந்த ஹெட்போன் கடினமானது?

ஓம் அளவில் குறிக்கப்படும் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) அதிகமாக இருந்தால் அந்த ஹெட்போனை இயக்குவது கடினம் எனப் பலர் கருதுகின்றனர். ஆனால், உணர்திறனையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு மில்லிவாட் மின்திறனில் எத்தனை டெசிபல் ஒலி எழுகிறது என்பதே உணர்திறன்.

பேயர்டைனமிக் டிடி 880 ஹெட்போனின் 600 ஓம் வகைக்கு இது 96 டெசிபல். 60 ஓம் மட்டுமே கொண்ட ஹைஃபைமேன் சுஸ்வாராவுக்கோ 83 டெசிபல்தான்.

கணக்கு என்ன?

சராசரியாக 80 டெசிபலில் இசை கேட்டாலும், இசைக்குழுவின் உச்சத் தருணங்கள் அதைவிட 20 டெசிபலுக்கும் மேல் உயரக்கூடும். ஆகவே, 110 டெசிபல் உச்சத்தை அளவுகோலாகக் கொள்ளலாம். ஒலி 3 டெசிபல் கூடுவதற்கு இருமடங்கு மின்திறனும், 10 டெசிபல் கூடுவதற்குப் பத்து மடங்கு மின்திறனும் தேவை.

இதன்படி, டிடி 880-க்கு 25 மில்லிவாட் போதும். ஆனால் சுமார் 3.9 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். சுஸ்வாராவுக்கு 500 மில்லிவாட், சுமார் 5.5 வோல்ட், அத்துடன் 91 மில்லிஆம்பியர் மின்னோட்டமும் வேண்டும். முன்னதற்குத் தேவைப்படும் மின்னோட்டத்தைப் போல இது ஏறத்தாழ 14 மடங்கு. சிறிய யுஎஸ்பி-சி அடாப்டர்கள் பலவும் சுமார் 1 வோல்ட் வரையே தருவதால், இரண்டுக்கும் அவை போதுமானவை அல்ல.

விவரக்குறிப்பில் கவனிக்க வேண்டியவை

* "32 ஓமில் 1 வாட்" என்ற குறிப்பு 300 ஓம் ஹெட்போனுக்குப் பொருந்தாது. அதே மின்னழுத்தத்தில் அங்கு கிடைப்பது சுமார் 107 மில்லிவாட் மட்டுமே. உங்கள் ஹெட்போனின் ஓம் அளவில் கிடைக்கும் மின்திறனையே பார்க்க வேண்டும்.

* ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு, ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. தாண்டினால், சில ஹெட்போன்களில் தாழ்சுரங்களின் அளவு மாறிவிடும்.

* பேலன்ஸ்டு இணைப்பு, சாதாரண இணைப்பைவிட இருமடங்கு வரை மின்னழுத்தம் தரக்கூடும். ஆனால், அதற்கேற்ற கேபிள் அவசியம்.

* ஸ்டாக்ஸ் போன்ற எலெக்ட்ரோஸ்டேடிக் ஹெட்போன்கள் தனி ரகம். அந்நிறுவனத்தின் 'ப்ரோ' வகைக்கு 580 வோல்ட் பயாஸ் மின்னழுத்தம் தேவை என்பதால், வழக்கமான ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரில் அவற்றை இணைக்க இயலாது.

தேவையான அளவைத் தாண்டிய மின்திறன் ஒலித்தரத்தைத் தானாக உயர்த்திவிடாது. செவிக்கான ஆபத்தையே கூட்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்களுக்குச் சராசரி 80 டெசிபல் என்பதே உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ள பாதுகாப்பு வரம்பு. எனவே, ஹெட்போனை இணைப்பதற்கு முன் ஒலி அளவைக் குறைத்து வைத்து, பின்னர் படிப்படியாக உயர்த்துவதே பாதுகாப்பானது.