உங்களுக்குத் தெரியுமா? ஆடு மேயாத வேலி

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. இப்படி ஆறும் வாய்க்காலுமாகக் கிடக்கும் டெல்டாவில் கரைக்கும் கொல்லை வேலிக்கும் ஏற்ற பூச்செடி நொச்சி. நாற்றங்காலே வேண்டாம். பென்சில் பருமனில் முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஐப்பசி மழையில் ஊன்றினால் போதும். கணுவின் மொட்டு மேல்நோக்கி இருக்கட்டும். அவசரத்தில் தலைகீழாக நடுகிறவர்கள் உண்டு! வெட்ட வெட்டத் தழைக்கும். வாடையால் ஆடுமாடு வாய் வைக்காது. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் மொத்த இலையையும் உதிர்த்துவிடும். இங்கே அவ்வளவு வைராக்கியம் இல்லை. நெல் குதிரில் வண்டுக்கு நொச்சி இலை போடுவது பழைய வழக்கம். கோட்டை காத்த வீரர்கள் சூடியதும் இதன் நீலப்பூவைத்தான். கோட்டை காப்பதைப் பாடும் புறத்திணைக்கே நொச்சி என்று பெயர்.