ஓடுவதற்கு முன் எழுத வேண்டிய மூன்று வரிகள்

மாரத்தான் ஓடப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஓடிப் பழகியவர்கள் “எத்தனை மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். ஓடாதவர்கள் “உங்களுக்கு எதற்கு இந்த வேலை?” என்பார்கள். முதல் கேள்விக்கு நம்மில் பலரிடம் பதில் தயாராக இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் யோசித்து வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் 32வது கிலோமீட்டரில் கால்கள் மரத்துப்போகும்போது நம் மனம் நம்மிடம் கேட்பது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

சிங்கப்பூர் மாரத்தான் டிசம்பரில் நடக்கிறது. பதிவு செய்துவிட்ட நண்பர்களும் வானொலி நேயர்களும் என்னிடம் பயிற்சி அட்டவணை கேட்கிறார்கள். அட்டவணைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அதைத் திறப்பதற்கு முன் இலக்கை எழுதி வைக்க வேண்டும். இரண்டு மாரத்தான் ஓடி முடித்து, மூன்றாவதற்குத் தயாராகிவரும் அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

முழு எண் மீது ஒரு மோகம்

அமெரிக்க ஆய்வாளர்கள் நால்வர் ஏறக்குறைய 1 கோடி மாரத்தான் முடிவுகளை ஆராய்ந்து 2017ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 3 மணி நேரம், 4 மணி நேரம் போன்ற முழு எண்களுக்குச் சற்று முன்பாக ஓட்டத்தை முடித்தவர்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தார்கள். அந்த எண்ணைத் தாண்டியதும் கூட்டம் சட்டென்று குறைந்தது. களைத்துப்போன உடலிலிருந்துகூட ஓர் இலக்கால் கடைசிச் சில கிலோமீட்டர்களுக்கான வேகத்தை வரவழைக்க முடிகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் 4 மணி நேரம் என்ற எண்ணுக்கு உங்கள் வயது தெரியாது. உங்கள் முழங்கால் வலி தெரியாது. நீங்கள் இரவு வேலை பார்ப்பவரா, கைக்குழந்தை வைத்திருப்பவரா என்பதும் தெரியாது. 4 மணி நேரத்தில் முடிக்க ஒவ்வொரு கிலோமீட்டரையும் 5 நிமிடம் 41 வினாடியில் ஓட வேண்டும். அதுவும் 42.195 முறை. நண்பர் ஓடினார் என்பதற்காக அந்த எண்ணை நாமும் கடன் வாங்கினால் 25வது கிலோமீட்டரிலிருந்து வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

நம் எம். ரமேஷனை நினைத்துப் பாருங்கள். 1995ல் சியாங் மாயில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் அவர் 2 மணி 24 நிமிடம் 22 வினாடியில் ஓடி முடித்தார். கிலோமீட்டருக்குச் சுமார் 3 நிமிடம் 25 வினாடி. அந்தத் தேசியச் சாதனை 2019 வரை 23 ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது. அவர் உடலும் அவர் உழைப்பும் சேர்ந்து தந்த எண் அது. நமக்கான எண்ணும் நம் உடலிலிருந்தும் நம் வாழ்க்கையிலிருந்தும்தான் வர வேண்டும்.

கணக்குப் போடுவது எப்படி?

முதலில் ஓர் அரை மாரத்தான் ஓடிப் பாருங்கள். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய சூத்திரம் ஒன்று உண்டு. அதன்படி, அரை மாரத்தான் நேரத்தை ஏறக்குறைய 2.085ஆல் பெருக்கினால் முழு மாரத்தானுக்கு ஒரு மதிப்பீடு கிடைக்கும். அரை மாரத்தானை 2 மணி 30 நிமிடத்தில் முடித்தவருக்கு முழு ஓட்டம் சுமார் 5 மணி 13 நிமிடம். போதிய பயிற்சி எடுத்திருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

இங்கே நம் வானிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விடிவதற்கு முன் சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை, அதனால் உடல் குளிர்வதில்லை. தசைக்கு ரத்தம் அனுப்பும் இதயம், சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது. குளிர்நாட்டில் ஓடியவர்களின் நேரத்தோடு நம் நேரத்தை ஒப்பிடாமல் இருப்பது நல்லது. நான் சூத்திரம் தரும் எண்ணோடு எப்போதும் 10 முதல் 15 நிமிடம் கூட்டிக்கொள்வேன்.

ஒன்றல்ல, மூன்று

ஒரே ஓர் இலக்கோடு ஓடுபவருக்கு அது கைநழுவிய நொடியிலேயே ஓட்டம் முடிந்துவிடுகிறது. மீதி 15 கிலோமீட்டரை வெறுப்போடுதான் கடக்க வேண்டும். அதனால்தான் மூன்று வரிகள் எழுதச் சொல்கிறேன்.

என் இரண்டாவது மாரத்தானுக்கு எழுதியவை இவை. ஒன்று, எல்லாம் கூடிவந்தால் 5 மணி நேரத்துக்குள் முடிப்பது. இரண்டு, முதல் ஓட்டத்தில் எடுத்த 5 மணி 31 நிமிடத்தைவிடக் குறைப்பது. மூன்று, எது நடந்தாலும் நலமாக, என் காலிலேயே நடந்து வீடு திரும்புவது.

அன்று காலை இலைகூட அசையவில்லை. 24வது கிலோமீட்டரில் கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. முதல் வரியை அங்கேயே விட்டுவிட்டு இரண்டாவது வரிக்கு மாறினேன். வேகத்தைக் குறைத்தேன். தண்ணீர் வழங்கும் இடங்களில் நடந்தேன். 5 மணி 12 நிமிடத்தில் முடித்தபோது எனக்குத் தோல்வி உணர்வு கொஞ்சமும் இல்லை. எழுதி வைத்த மூன்றில் இரண்டு கைகூடியிருந்தன.

கையில் உள்ளதைப் பிடியுங்கள்

மழை, வெயில், நெரிசல் எதுவும் நம் கையில் இல்லை. வாரத்தில் 4 நாள் ஓடுவதும், ஓட்டத்துக்கு முந்திய வாரம் சரியாகத் தூங்குவதும், முதல் 10 கிலோமீட்டரை அடக்கி ஓடுவதும் நம் கையில் இருக்கின்றன. நேரத்துக்கு ஓர் இலக்கு வைத்தால், இப்படிப்பட்ட பழக்கங்களுக்கு இரண்டு மூன்று இலக்குகள் வையுங்கள்.

தொடக்கத்தில் அடக்கி ஓடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் நம் உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்துக்கு ஓர் அளவு உண்டு. வேகம் கூடக்கூட அது விரைவாகக் கரைகிறது. பலர் 30 கிலோமீட்டரை ஒட்டி ‘சுவரில் மோதியதுபோல்’ நிற்பது இதனால்தான். வாழைப்பழமோ எனர்ஜி ஜெல்லோ, பசிக்கும்வரை காத்திராமல் இடையிடையே எடுத்துக்கொள்வதும் எழுதி வைக்க வேண்டிய இலக்குதான்.

நாட்காட்டியையும் கையில் எடுங்கள். டிசம்பர் ஓட்டத்துக்கான மிக நீண்ட பயிற்சிகள், 28, 30 கிலோமீட்டர் ஓட்டங்கள் எல்லாம், அக்டோபர், நவம்பரில் வரும். தீபாவளியும் அப்போதுதான். முறுக்கு சுடும் வார இறுதியில் மூன்றரை மணி நேரம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஓடிவிட்டு வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த வாரத்தை இப்போதே இலகுவான வாரமாகக் குறித்துவிடுங்கள்.

வீட்டாருக்கும் தெரியட்டும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தியர்களிடையே நீரிழிவு விகிதம் அதிகம் என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எங்கள் வீட்டில் அது வெறும் புள்ளிவிவரம் இல்லை. அப்பாவுக்கு 54 வயதில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. நான் ஓடத் தொடங்கிய புதிதில் அவர் கேட்டார்: “இவ்வளவு தூரம் ஓடுறியே, பரிசு ஏதாவது கிடைக்குமாம்மா?”

“பதக்கம் எல்லாருக்கும் கிடைக்கும்பா. எனக்கு 54 வயசு ஆகும்போது மேசையில உங்களோடது மாதிரி மாத்திரைப் பெட்டி இருக்கக் கூடாது. அதுக்காகத்தான் ஓடுறேன்.”

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குத் திரும்புவே? அம்மாகிட்ட தோசை ஊத்தி வைக்கச் சொல்றேன்” என்றார். அன்று முதல் என் பயிற்சி எங்கள் வீட்டுப் பயிற்சி ஆனது. இப்போது அட்டவணை குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. நான் சோம்பிப் படுத்தால் கதவைத் தட்டுவது அப்பாதான்.

என்னைப் போல் குடும்பத்தில் இதய நோயோ நீரிழிவோ உள்ளவர்கள், அட்டவணைக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நின்றுவிட வேண்டும். இதையும் முன்கூட்டியே முடிவு செய்து, வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். பந்தய மும்முரத்தில் அந்த முடிவை எடுப்பது கடினம்.

இந்த ஆண்டுக்கான என் மூன்று வரிகளை எழுதிவிட்டேன். முதல் வரி மீண்டும் 5 மணி நேரம்தான். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 வினாடி. மூன்றாவது வரி எப்போதும்போல் மாறவில்லை. இரண்டாவது வரி மட்டும் புதிது: கடைசி 2 கிலோமீட்டரை நடக்காமல் ஓடி முடிப்பது. உங்கள் மூன்று வரிகளை இந்த வார இறுதிக்குள் எழுதி, வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். டிசம்பரில் தொடக்கக் கோட்டில் சந்திப்போம்.